ஞாபக மறதிக்கு மூளை ஸ்கேன்: சீட்டில் கேள்வியையும் எழுதி வாங்குங்கள்

பெரியவர்களுக்கு மறதி கூடுகிறது என்று பட்டதும் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போய், "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாங்க" என்று கேட்பது கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் வழக்கமாகிவிட்டது. படம் வரும். ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்து ஒரு வீடு நிம்மதியாகிவிடும், இன்னொரு வீடு இடிந்து உட்கார்ந்துவிடும். அந்த ஒரு வரியை வைத்து இரண்டில் எதையும் முடிவு செய்ய முடியாது. மூளை ஸ்கேன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் எடுத்த படத்தில் முக்கியமான பகுதி சரியான கோணத்தில் பதிவாகாமலேயே போய்விடலாம். கேள்வியை எப்படித் தயார் செய்வது, அதற்கேற்ற படத்தை எப்படி எடுப்பது, வந்த ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

ஸ்கேனுக்கு முன்னால் வீட்டில் பார்க்க வேண்டியது

எம்.சி.ஐ என்று டாக்டர்கள் சொல்லும் லேசான அறிவாற்றல் குறைபாடு, வயதான காலத்து இயல்பான மறதிக்கும், அன்றாட வாழ்க்கையையே முடக்கும் மறதி நோயான டிமென்ஷியாவுக்கும் நடுவில் உள்ள நிலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் பீட்டர்சன் குழு 1999-இல் வெளியிட்ட வரையறைதான் இன்றைக்கும் அடிப்படை: மறதி இருப்பதாக அவரோ வீட்டாரோ சொல்கிறார்கள், பரிசோதனையிலும் அது தெரிகிறது, ஆனால் அன்றாட வாழ்க்கையை அவரே நடத்திக்கொள்கிறார். இந்தக் கடைசி அம்சத்தை எந்த மெஷினும் காட்டாது. வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

குளிப்பது, சாப்பிடுவது, துணி மாற்றுவது எல்லாம் வெகு நாள் கழித்துத்தான் கெடும். முதலில் தடுமாறுவது கணக்கும் திட்டமிடலும். அதனால் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்து வந்த வேலையை வைத்துப் பாருங்கள். பால் சொசைட்டிக் கணக்கு முன்பு மனதிலேயே இருந்தது, இப்போது நோட்டைப் பார்த்தும் குழப்பமா? மாதச் சீட்டுப் பணத்தை இரண்டு தடவை கட்டினாரா? வாய்க்கால் தண்ணி முறை எந்த நாள் என்பதை மறந்தாரா, மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் வந்தாரா? காங்கேயம் போன வழியிலேயே மொபெட்டில் திரும்பி வரத் தெரியாமல் நின்றாரா? கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, சாயங்காலமே "மொய் வெச்சமா?" என்று கேட்டாரா?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் பெரும்பாலும் வயசு. நடந்த விஷயமே சுத்தமாக நினைவில் இல்லை, நாம் எடுத்துக் கொடுத்தாலும் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இவற்றைத் தேதி போட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எப்போது ஆரம்பித்தது, மெதுவாகக் கூடுகிறதா, திடீரென்று வந்ததா, ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு இந்த ஒரு பக்கம் பாதி ஸ்கேனுக்குச் சமம்.

எழுதும்போது அவரைப் பரீட்சையில் உட்கார வைத்ததுபோல் கேட்காதீர்கள். "ஏனுங்க அப்பாரு, இந்த வாரம் சந்தைக்கு யாருங்க போனாங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் உண்மையான பதில் வரும். "இன்னைக்கு என்ன தேதி, சொல்லுங்க பாக்கலாம்" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் கோபம்தான் வரும். வயசானவர்களின் மானம் போகிற இடம் அது.

திடீர் மாற்றம் என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், வாய் கோணல் திடீரென வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், கீழே விழுந்த பிறகு தலைவலியோடு மந்தம் ஆகியவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

ரத்தமும் மாத்திரை டப்பாவும்

ஸ்கேனுக்குச் செலவழிக்கும் முன், மிகக் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடிய காரணங்களை விலக்க வேண்டும். பி12, தைராய்டு டி.எஸ்.எச், ஹீமோகுளோபின், சோடியம், கால்சியம், சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை இவை அடிப்படை. பி12 குறைபாடு நம் பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்காகப் பல வருஷம் மெட்பார்மின் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தினசரி வழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கும் அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற தூக்க மருந்துகள், அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபுட்டினின், தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரைகள் எல்லாம் வயதானவர்களின் ஞாபகத்தை மங்கச் செய்யும். இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

இன்னொன்று காது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். சொன்னது காதில் விழாவிட்டால் மூளையில் பதியாது, வெளியே அது மறதிபோலத் தெரியும். காது பரிசோதனை செய்யாமல் ஞாபகப் பரிசோதனை செய்தால் மார்க் குறையத்தான் செய்யும். மனச்சோர்வும் இதே வேஷம் போடும், முக்கியமாகத் துணையை இழந்த முதல் வருஷத்தில். பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஞாபகப் பரிசோதனையாக மோக்கா என்ற 30 மதிப்பெண் தேர்வு பரவலாக உள்ளது, தமிழிலும் உண்டு. 26-க்குக் கீழே இருந்தால் சந்தேகம் என்பது மூல விதி. பன்னிரண்டாண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். ஆனால் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி, தோட்டம் தொரவு பார்த்து வாழ்ந்தவருக்கு அந்த ஒரு மதிப்பெண் போதாது. கனசதுரம் வரையத் தெரியாததை நோயாக எண்ணிவிடக் கூடாது. படிப்புக் குறைந்தவர்களுக்கென்றே அமைந்த மோக்கா-பேசிக் இருக்கிறதா என்று கேளுங்கள். எப்படியானாலும் இன்றைய மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே தேர்வை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான அளவு.

எந்த ஸ்கேன்?

சி.டி ஸ்கேன் சில நிமிஷத்தில் முடியும். ரத்தக் கசிவு, கட்டி, மூளை நீர் அறைகள் வீங்கியிருப்பது, பழைய பெரிய பக்கவாதத் தழும்பு ஆகியவற்றை நன்றாகக் காட்டும். அவசரத்திலும், எம்.ஆர்.ஐ எடுக்க முடியாத உடல்நிலையிலும் இதுதான். மெல்லிய துண்டுகளாக எடுத்து, முகத்துக்கு நேரான கோணத்தில் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் சுருக்கத்தைக்கூட ஓரளவு மதிப்பிடலாம்.

நிதானமாக விசாரிக்கும் மறதிக்கு எம்.ஆர்.ஐ-தான் முதல் தேர்வு. கதிர்வீச்சு இல்லை. 1.5 டெஸ்லா மெஷின் போதும், 3 டெஸ்லா கிடைத்தால் நல்லது, அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவும் எம்.ஆர்.ஐ-யும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு மேஜையில் விசாரியுங்கள்.

இப்போது டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் சீட்டு. "எம்.ஆர்.ஐ பிரெயின் பிளெய்ன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பக்கவாதத்துக்கும் தலைவலிக்கும் எடுக்கும் வழக்கமான படம்தான் வரும். அதில் ஹிப்போகேம்பஸ் சரியாகத் தெரியாது. நுண் ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ என்ற பட வரிசை சில இடங்களில் விட்டுப்போகும். மறதிக்கான சீட்டில் இருக்க வேண்டியது இது: டிமென்ஷியா புரோட்டோகால், ஒரு மில்லிமீட்டர் அளவில் 3டி டி1, ஹிப்போகேம்பஸின் நீளவாட்டுக்குச் செங்குத்தான கொரோனல் படம், டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன், எஸ்.டபிள்யூ.ஐ. அதன் கீழே கேள்வி: "68 வயது, ஒன்றரை வருஷமாகச் சமீபத்திய நினைவு குறைகிறது, அன்றாட வேலை தானே செய்கிறார். எம்.டி.ஏ மதிப்பெண், ஃபசேகாஸ் மதிப்பெண், நுண் கசிவு எத்தனை, எங்கே என்று குறிப்பிடவும்." இந்த மதிப்பெண்கள் என்ன என்று பின்னால் பார்ப்போம். டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. மறதிக்கான படத்துக்கு வழக்கமாகக் கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்படாது. கட்டியோ தொற்றோ சந்தேகம் இருந்தால்தான் அது.

மெஷினுக்குள் போகும் முன்

எம்.ஆர்.ஐ காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கும், ஸ்கேன் ஓடாத நேரத்திலும்கூட. அதனால் உலோக விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களிடம் மறந்துபோவது சேலை மடிப்பில் குத்திய ஊக்கும் ஹேர்பின்னும்தான். மெட்டி, மூக்குத்தி, வளையல், தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனசு ஒப்பாத அம்மணிகளுக்கு, வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக் கூட்டி வாருங்கள். ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று வாதாடினால் அவர்கள் பதற்றத்தோடு உள்ளே போவார்கள், பதற்றத்தில் ஆடுவார்கள், படம் கெடும். பல வருஷம் கழற்றாத மூக்குத்தியை முந்தின நாளே ஆசாரியிடம் காட்டிக் கழற்றிவிடுங்கள். ஆண்களுக்கு அரைஞாண் கொடியும் தாயத்தும். பல் செட், கண்ணாடி, காது மெஷின், தோலில் ஒட்டிய சர்க்கரை சென்சார் எல்லாம் வெளியே.

கோவையில் லேத்துப் பட்டறை, கிரைண்டிங், ஃபவுண்டரி வேலை பார்த்தவர்களிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பாய்ந்து டாக்டர் எடுத்திருக்கிறாரா? ஒரு சிறு துகள் கண்ணுக்குள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே கெடுத்துவிடலாம். ஆமாம் என்றாலோ, சந்தேகம் இருந்தாலோ முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். "அது எப்பவோ இருவது வருசத்துக்கு முன்னாடிங்க" என்று விட்டுவிடக் கூடாது. இரும்புக்கு வயசாகாது.

பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பதித்த காக்ளியர் கருவி இருந்தால் அதன் அட்டையைக் கொண்டு போய் முன்கூட்டியே காட்டுங்கள். எம்.ஆர்.ஐ-க்கு ஒத்துவரும் பேஸ்மேக்கர்கள் உண்டு, ஆனாலும் ஸ்கேன் நேரத்தில் அதன் செட்டிங்கை மாற்றி வைக்க ஆள் வேண்டும். இதய ஸ்டென்டும் மாற்று மூட்டும் பெரும்பாலும் தடையில்லை. அதையும் சொல்லிவிடுங்கள்.

மறதிப் படம் கெட முதல் காரணம் அசைவு. அரை மணி நேரம் அசையாமல் படுப்பது முதுகுவலிக்காரருக்குச் சிரமம். முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள். உள்ளே போகும் முன் சிறுநீர் கழிக்க வையுங்கள். இருமல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம், நாலு நாள் தள்ளிப் போடுங்கள். மெஷின் தட்தட்டென்று தறி ஓடுவதுபோல் சத்தம் போடும், காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், பயமானால் அதை அழுத்தலாம் என்று முந்தின நாளும் சொல்லுங்கள், வாசலிலும் சொல்லுங்கள். காது மெஷினைக் கழற்றிய பிறகு சொன்னால் கேட்காது. உலோகம் ஏதும் இல்லாத ஒருவர் உள்ளே கால் பக்கம் உட்கார்ந்து காலைத் தொட்டுக்கொண்டிருக்கச் சென்டர் அனுமதித்தால், பலர் மயக்க மருந்து இல்லாமலே படுத்துவிடுகிறார்கள். மயக்க ஊசி கடைசி வழி. வயதானவருக்கு மூச்சு குறையலாம், இரண்டொரு நாள் குழப்பம் கூடலாம். போட்டே ஆக வேண்டுமென்றால் மயக்கவியல் டாக்டர் கூட இருக்க வேண்டும்.

முக்கியமான 3டி டி1 படத்தை முதலிலேயே எடுத்துவிடச் சொல்லலாம். பொறுமை தீர்ந்து அவர் எழுந்துவிட்டாலும் கைக்கு அந்தப் படமாவது மிஞ்சும். வெளியே வரும்போது ஃபிலிமோடு படம் பதிந்த சி.டி வட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் வெப்பத்தில் கறுத்துப் போகும்.

ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

முதலில் திருப்பிச் சரிசெய்யக்கூடியவை. மண்டை ஓட்டுக்கு உட்புறம் பிறை வடிவில் தேங்கிய பழைய ரத்தம், அதாவது நாள்பட்ட சப்டியூரல். குளியலறையில் வழுக்கியோ வண்டியில் இருந்தோ விழுந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆன பிறகு மந்தமாக வெளிப்படும். விழுந்ததே நினைவில்லாமல் போயிருக்கும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சின்ன அடியே போதும். சிறு துளையிட்டு வெளியேற்றினால் பலர் தெளிந்துவிடுவார்கள்.

அடுத்து, மூளை நீர் அறைகள் வீங்கும் என்.பி.எச். மறதி, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டு வருவதுபோல நடப்பது என்ற மூன்றும் சேர்ந்திருக்கும். நடைதான் முதலில் கெடும். படத்தில் முன்பக்க நீர் அறைகளின் அகலத்தை மண்டை ஓட்டின் உட்புற அகலத்தால் வகுத்தால் 0.3-க்கு மேல் வரும், இதற்கு எவன்ஸ் குறியீடு என்று பெயர். அது வெறும் சுருக்கத்திலும் கூடும் என்பதால் இரண்டு நீர் அறைகளுக்கும் நடுவில் உள்ள காலோசல் கோணத்தையும் பார்ப்பார்கள், 90 டிகிரிக்குக் கீழே என்றால் என்.பி.எச் பக்கம் சாயும். முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீர் எடுத்து, முன்னும் பின்னும் நடக்கவிட்டு நேரம் பார்ப்பார்கள். அந்த நடையைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

பிறகு ஹிப்போகேம்பஸ். கடல்குதிரை வடிவத்தில் காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கும் நினைவுப் பதிவேடு இது. 1992-இல் ஷெல்டென்ஸ் வகுத்த எம்.டி.ஏ அளவு இதைக் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. கொரோனல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டி1 படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். ஹிப்போகேம்பஸுக்கு மேலே உள்ள மெல்லிய பிளவில் நீரே தெரியாவிட்டால் 0. அந்தப் பிளவு மட்டும் சற்று விரிந்தால் 1. பக்கத்து நீர் அறையின் கொம்பும் விரிந்தால் 2. ஹிப்போகேம்பஸின் உயரமே குறையத் தொடங்கினால் 3. தட்டையாகிவிட்டால் 4. 75 வயதுக்குக் கீழே 2-உம் அதற்கு மேலும் அசாதாரணம். 75-க்கு மேல் 3-இலிருந்துதான் அசாதாரணம். அதனால் 80 வயது அம்மாயிக்கு 2 என்று வந்தால் பயப்பட வேண்டாம், 62 வயது அப்பாவுக்கு 2 என்றால் அலட்சியம் கூடாது. எண் இல்லாமல் "லேசான சுருக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தால், சி.டி வட்டைக் கொண்டு போய் எண்ணைக் கேளுங்கள்.

வெள்ளைத் திட்டுகள்: "சிறு ரத்தக்குழாய் மாற்றம்" என்று வரும். ஃபசேகாஸ் அளவு 0 முதல் 3. ஆங்காங்கே புள்ளி 1, வயசானவர்களில் இயல்பு. புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2, பெரிய திட்டாகப் படர்ந்தால் 3. இந்த இரண்டில் எது வந்தாலும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பொருள். மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் போன்ற முக்கிய இடத்தில் ஒரே ஒரு சின்னத் தழும்பு இருந்தாலும் ஞாபகத்தைக் கெடுக்கும், எங்கே என்று பாருங்கள்.

எஸ்.டபிள்யூ.ஐ படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரிவது நுண் கசிவு. மூளையின் ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் ரத்த அழுத்தத்தின் வேலை. வெளி மடல்களில் மட்டும் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்த நோயாக இருக்கலாம். பின்னால் சொல்லப்போகும் புது மருந்துகளுக்கு இந்த எண்ணிக்கை உயிர்நாடி.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் மூளை உறையில் வரும் சின்னக் கட்டியான மெனிஞ்ஜியோமா, நீர்க்கட்டி, சுண்ணாம்பு படிந்த ஒற்றைப் புள்ளி என்று ஏதாவது இருக்கும். பலவற்றுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இருக்காது. நரம்பியல் டாக்டர் சொல்லாமல் அதன் பின்னால் ஓடாதீர்கள்.

படம் சுத்தமாக இருந்தாலும் எம்.சி.ஐ இல்லை என்றாகாது. ஞாபக கிளினிக்குகளுக்கு வரும் எம்.சி.ஐ-காரர்களில் வருஷத்துக்குச் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் டிமென்ஷியாவுக்கு நகர்கிறார்கள். சிலர் அப்படியே நிற்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருந்தால் நகரும் வாய்ப்புக் கூடுதல். யார் நகர்வார் என்று ஒரு படம் ஒற்றை ஆளுக்கு அடித்துச் சொல்லாது.

பெட் ஸ்கேன் எப்போது

கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் படம் இது. செலவு பல மடங்கு. பதில் வந்தால் சிகிச்சையோ திட்டமோ மாறும் என்றால் மட்டும் எடுங்கள்: 65-க்குக் கீழே ஆரம்பித்தது, அறிகுறி வழக்கத்துக்கு மாறானது, எம்.ஆர்.ஐ-க்கும் நடத்தைக்கும் பொருந்தவில்லை என்பது போன்ற நிலை.

எஃப்.டி.ஜி பெட், மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாகச் செலவழிக்கிறது என்று காட்டும். பின்பக்கச் சிங்குலேட், பரைட்டல், டெம்போரல் பகுதிகள் மங்கினால் அல்சைமர் வகை. முன் மடல் மங்கினால் ஃப்ரன்டோடெம்போரல் என்ற டிமென்ஷியா வகை. பின்மண்டை மங்கி, பின்பக்கச் சிங்குலேட் மட்டும் தீவுபோல் தப்பித்து நின்றால் லூயி பாடி என்ற டிமென்ஷியா வகை. இல்லாத ஆட்களைப் பார்ப்பது, தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது இருந்தால் லூயி பாடிக்கு டிரோடாட் என்ற ஸ்கேனும் உதவும்.

எஃப்.டி.ஜி படம் கெடுவது சர்க்கரையால். 4 முதல் 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். பொள்ளாச்சியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கிளம்பி வரும் வழியில் "இளநிதானே" என்று ஒன்று குடித்தால் போச்சு, அதில் சர்க்கரை இருக்கிறது. காபி, வெற்றிலை பாக்கு, சூயிங்கம் எதுவும் வேண்டாம். ரத்த சர்க்கரை அதிகமாக இருந்தால் மூளைக்குள் மருந்து குறைவாகவே போகும், முழு மூளையும் மங்கிப் பொய்ப் படம் வரும். பொதுவாக 150 முதல் 180-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். சர்க்கரைக்காரர்கள் காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். அன்று இன்சுலின், மாத்திரை எப்படி என்று இரண்டு நாள் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்கேனுக்குச் சற்று முன் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்குவது தப்பு, மருந்து தசைக்குப் போய்விடும்.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மங்கலான அறையில் பேசாமல், போன் பார்க்காமல் உட்கார வேண்டும். பேசினால் பேச்சுப் பகுதியும், பார்த்தால் பார்வைப் பகுதியும் தனியாக ஒளிரும். கூட வந்தவர்கள் இந்த நேரத்தில்தான் ஆறுதல் சொல்லிப் பேச்சுக் கொடுப்பார்கள். அன்பை அரை மணி நேரம் ஒத்தி வையுங்கள். இந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், தாமதமாகப் போனால் வீணாகும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வரை கைக்குழந்தையும் கர்ப்பிணியும் பக்கத்தில் வேண்டாம்.

அமிலாய்டு பெட் வேறு. மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று நேரடியாகக் காட்டும். முதல் மருந்தான ஃப்ளோர்பெட்டாபிர் அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. நெகட்டிவ் என்றால் அல்சைமரைப் பெரும்பாலும் விலக்கலாம், அதுதான் இதன் பெரிய பலம். பாசிட்டிவ் என்றால் நோய் என்று முடிவாகாது. நல்ல ஞாபகத்தோடு இருப்பவர்களிலேயே 50 வயதில் சுமார் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் பத்தில் நாலு பேருக்கு மேலும் படிந்திருக்கிறது. மறதியே இல்லாதவர், "எங்க அம்மாவுக்கு இருந்துச்சுங்க, எனக்கும் பாத்துருங்க" என்று எடுப்பது வேண்டாம். பி-டாவ்217 போன்ற ரத்தப் பரிசோதனைகள் இதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அதையும் மறதி உள்ளவருக்கு மட்டுமே செய்ய வேண்டும்.

படத்துக்குப் பிறகு சிகிச்சை

எம்.சி.ஐ-யை நிறுத்தும் மாத்திரை இல்லை. டோனெபெசில் டிமென்ஷியாவுக்கு ஓரளவு உதவும், எம்.சி.ஐ-யில் அது பயன் தருவதாக நிரூபணம் இல்லை. கிங்கோ டானிக்கைப் பெரிய ஆய்வில் சோதித்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே கண்டுவிட்டார்கள். அந்தக் காசில் காது மெஷின் வாங்கலாம்.

ஃபசேகாஸ் 2, 3 வந்தவர்களுக்கு ரத்த அழுத்தம்தான் முதல் மருந்து. 2019-இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் எம்.சி.ஐ சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுபவருக்கு இந்த இலக்கு ஆகாது. படுத்தும் நின்றும் அளந்து டாக்டர் முடிவு செய்யட்டும். வாரம் இரண்டு முறையாவது மூச்சு வாங்கும் அளவு உடற்பயிற்சியை அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் பரிந்துரைத்தது. தோட்டத்தைச் சுற்றி வேகமாக நடந்தாலும் போதும்.

அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் 2023-இலும், டோனானெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. அல்சைமரால் வந்த எம்.சி.ஐ-க்கும் ஆரம்ப டிமென்ஷியாவுக்கும் மட்டும்தான் இவை. லெக்கானெமாப் ஆய்வில் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. நோயின் கடுமையை அளக்கும் 18 மதிப்பெண் அளவில் அது 0.45 வித்தியாசம், நின்றுபோகவில்லை. மூளையில் வீக்கம் சுமார் 12.6 சதவீதம் பேருக்கும், கசிவு 17.3 சதவீதம் பேருக்கும் வந்தது. அதனால் எம்.ஆர்.ஐ இங்கே சிகிச்சையின் பாகமாகவே ஆகிவிடுகிறது. தொடங்கும் முன் எடுத்த படத்தில் நாலுக்கு மேல் நுண் கசிவு இருந்தால் மருந்து கிடையாது. லெக்கானெமாப் தொடங்கிய பிறகு 5, 7, 14-ஆம் ஊசிக்கு முன் படம் எடுக்கச் சொன்னார்கள். 2025-இல் இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் நடுவிலும் ஒன்று எடுக்க அறிவுறுத்தினார்கள். தலைவலி, குழப்பம், பார்வை மங்கல் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே படம். இவ்வளவு வசதியும் கண்காணிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த மருந்தை யாராவது ஆசை காட்டினால் ஒதுங்குவதே நல்லது.

மற்றவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் தேவையில்லை. ஞாபகத் தேர்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். படம், நிலைமை மாறினால் அல்லது ஒரு வருஷம் கழித்து. இயல்பான முதுமையில் ஹிப்போகேம்பஸ் வருஷத்துக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும், அல்சைமரில் நாலரைக்கு மேல். இந்தச் சின்ன வித்தியாசம் வேறு மெஷினில் எடுத்தாலே மறைந்துபோகும். அதே சென்டர், அதே மெஷின், அதே வரிசை. பழைய சி.டி வட்டை ஃபைலிலேயே வைத்திருந்து கையோடு கொண்டு போங்கள். புதுச் சீட்டில், "முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எம்.டி.ஏ, ஃபசேகாஸ், நுண் கசிவு எண்ணிக்கை மாறியதா என்று எழுதவும்" என்ற வரியை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.